கட்டுச்சோறா, கடைச்சோறா: கோலாலம்பூர் – பினாங்கு வழியில் ஒரு சைவக் கணக்கு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கோலாலம்பூரிலிருந்து பினாங்கிலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்வருகிறோம். பிறந்தது முதல் சைவமாகவே இருப்பவரும், முட்டையையும் தொடாதவரும், எழுபதைக் கடந்தவருமான அம்மா உடன் வருவதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே வீட்டில் எழும் பேச்சு வழியில் என்ன சாப்பிடுவது என்பதுதான். கட்டுச்சோறு, இந்திய சைவ உணவகம், சீன சைவக் கடை, மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகம் என்று எங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இவற்றை ருசியை மட்டும் வைத்துத் தரம்பிரிப்பது எளிது. ஆனால் பல பயணங்களுக்குப் பிறகு நான் கைக்கொண்டிருக்கும் அளவுகோல் வேறு. ‘இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?’ என்று யாரையும் கேட்காமல், கரண்டியையும் குழம்பையும் சந்தேகத்தோடு பார்க்காமல், எத்தனை கவளம் நிம்மதியாக இறங்குகிறது என்பதே அது.

வீட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. மழை பிடித்துக்கொண்ட மாலையில் குழைய வடித்த சோறு, ஒரு சொட்டு நெய், மிளகு ரசம், சுட்ட அப்பளம் என்று அமைந்துவிட்டால் அம்மாவுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. எனக்கோ மனம் சோர்ந்த நாளில் நாசி லெமாக் வேண்டும். தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் சேர்த்து வேகவைத்த அந்தச் சோறு சைவம்தான். ஆனால் அதற்கு உயிர்கொடுக்கும் சம்பாலில் நெத்திலியும், பெரும்பாலும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் சேர்வதால், வெளியில் அதைத் தொட முடிவதில்லை. ஆகவே வீட்டிலேயே காய்ந்த மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் அரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சிறுதீயில் வதக்கி, புளிக்கரைசலும் குலா மெலாக்கா என்ற பனைவெல்லமும் சேர்த்து, பெலாச்சான் இருக்கவேண்டிய இடத்தில் தௌச்சு எனப்படும் புளித்த சோயா விழுதை ஒரு கரண்டி போடுகிறேன். நெத்திலியின் மொறுமொறுப்பைப் பொடியாக நறுக்கிப் பொரித்த தெம்பே என்ற புளித்த சோயாக் கட்டியும் வேர்க்கடலையும் ஈடுசெய்கின்றன. அசைவம் உண்ணும் அத்தானே இதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார் என்பதைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் வீட்டில் வெல்வதெல்லாம் வழியில் வெல்வதில்லை. ஒருமுறை ரசத்தை வெந்நீர்க் குடுவையில் ஊற்றி எடுத்துப்போனோம். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து பினாங்குக்கான ரயில் நிலையமான பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிறது. மூடியைத் திறந்தபோது சூடு மட்டும் அப்படியே இருந்தது, சீரகமும் கொத்தமல்லியும் விடைபெற்றுப் போயிருந்தன. கொதி வந்ததும் இறக்கி உடனே ஊற்றிக்கொள்ள வேண்டிய ரசத்தைப் புட்டியில் அடைத்தால் மிஞ்சுவது மிளகாய் போட்ட புளித்தண்ணீர்தான். இதனால் கட்டுச்சோறு என்றால் வீட்டுச் சாப்பாட்டை இடம்மாற்றுவது என்ற எண்ணத்தை அன்றோடு கைவிட்டோம்.

நம் முன்னோர் வழிப்பயணத்துக்குப் புளியோதரையையும் தயிர்சோற்றையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வடித்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாண்டி உயிரோடிருக்கக்கூடும். வெதுவெதுப்பில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும், அவற்றுள் ஒரு வகை சோற்றில் விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. கோலாலம்பூரின் பகல் வெப்பம் முப்பது பாகை செல்சியசைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதால் இதை ஏட்டுப் பாடம் என்று ஒதுக்கிவிட முடியாது. புளியோதரையில் புளியின் அமிலம் அந்த வளர்ச்சியைத் தடுக்கிறது. நன்றாகச் சுண்டிய புளிக்காய்ச்சலில் ஈரமும் குறைவு. தயிர்சோற்றுக்கு அம்மாவின் முறை இன்னும் நுட்பமானது: சோற்றைப் பால் விட்டுக் குழையப் பிசைந்து, சூடு தணிந்ததும் உறைமோராக ஒரே ஒரு கரண்டி தயிரை மட்டும் கலந்துவிடுவார். ரயிலில் அது தானாக உறைந்து, தைப்பிங்கைத் தாண்டும்போது புளிப்பேறாத இளந்தயிர்ச் சோறாகியிருக்கும். முதலிலேயே தயிரை அள்ளிப்போட்டுப் பிசைந்த சோறு அதே நேரத்தில் பல் கூசும் அளவுக்குப் புளித்துவிடும்.

இத்தனையும் தெரிந்திருந்தும் ஒருமுறை தவறினேன். அவசரத்தில் புளியோதரையை ஆறவிடாமல் சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடிவிட்டேன். உள்ளே எழுந்த ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கோத்துச் சோற்றின்மீதே சொட்டியது. ஈப்போவில் ரயில் நின்றபோது திறந்து பார்த்தால் மேற்பகுதி நசநசத்துக் கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திருப்பி, அதன் உட்புறத்து ஈரத்தை விரலால் வழித்துக் காட்டினார். அன்றிலிருந்து தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் பிசிறி, முழுவதும் ஆறிய பிறகே கட்டுகிறோம்.

கட்டுச்சோறு மலிவு என்பார்கள். ஏழு மணி ரயிலுக்கு நான்கு மணிக்கே எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும் அம்மாவின் தூக்கத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். கேள்வி கேட்காமல் உண்பது என்ற அளவுகோலில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வேளையோடு அதன் ஆட்சி முடிந்துவிடுகிறது. பகல் ஒரு மணிக்குப் பிறகு எந்தக் கட்டுச்சோற்றையும் நான் நம்புவதில்லை.

அடுத்த வேளைக்குப் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் இயல்பாகக் கால் போகும் இடம் லிட்டில் இந்தியா. 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள லெபோ குவீன், லெபோ பாசார், லெபோ பினாங் தெருக்களில் பூக்கடை வாசமும் ஒலிபெருக்கிப் பாட்டும் கலந்து வரும். கோலாலம்பூரில் இதற்கு இணை பிரிக்பீல்ட்ஸ். இங்கே இரண்டு வகைக் கடைகளைப் பிரித்தறிய வேண்டும். முழுச்சைவ உணவகங்களில் கரண்டியைப் பற்றிய கவலை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் நுண்கலைக் கோயில் (டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்) என்ற கலை அமைப்போடு இணைந்த அன்னலட்சுமி, விரும்பியதை உண்டு மனம்போல் கொடுத்துவிட்டுப் போகும் முறையாலேயே பேர்பெற்றது. மற்றொரு வகை, சைவமும் அசைவமும் ஒருங்கே பரிமாறும் வாழையிலைக் கடைகள். மொறுமொறுவென்று வறுத்த பாகற்காய், மோர்மிளகாய், அப்பளம், மூன்று காய்கறி என்று இலை நிறைந்துவிடும். அந்தப் பாகற்காய் வறுவலுக்கு நிகராக வீட்டில் நான் ஒருநாளும் செய்ததில்லை. ஆனால் வாளிகளைத் தூக்கிவரும் தம்பியிடம் ‘இது மீன் குழம்புக் கரண்டியா, சாம்பார்க் கரண்டியா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்க நேர்கிறது. கேட்டுக் கேட்டே பாதிப் பசி போய்விடுகிறது.

முழுச்சைவ உணவகத்தின்மீது எனக்குள்ள குறை வேறு வகையானது. அது வீட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. வீட்டுச் சாம்பாரை நினைவுபடுத்தும் எல்லாச் சாம்பாரும் அந்த நினைவிடமே தோற்கின்றன. அம்மா முதல் கவளத்திலேயே ‘பருப்பு வேகவில்லை’ என்பார், அல்லது ‘வெல்லம் அதிகம்’ என்பார். அவ்வாறு குறை சொல்லிக்கொண்டே வயிறார உண்பதும் அவர்வரையில் ஓர் ஆறுதல்தானோ என்னவோ.

சீன சைவக் கடைக்கு அம்மாவை முதன்முதலில் அழைத்துப்போனது ஒரு விபரீத முயற்சியாகவே தொடங்கியது. நீண்ட மேசையில் இருபது, முப்பது தட்டுகள். அவற்றுள் முழு மீன் வடிவில், கடற்பாசித் தாளைத் தோல்போல ஒட்டிப் பொரித்த ஒன்று. கோதுமைப் பசையத்திலும் சோயாவிலும் செய்த இத்தகைய போலி இறைச்சிகள் இக்கடைகளின் பெருமை. புதிதாகச் சைவத்துக்கு மாறியவருக்கு அவை துணைசெய்யலாம், ஆனால் மீனையே ஒருநாளும் உண்டிராத அம்மாவுக்கு அதன் உருவமே குமட்டியது. ‘மீன் வேண்டாம் என்றுதானே இங்கே வந்தோம், பிறகு ஏன் மீனையே செய்துவைத்திருக்கிறார்கள்?’ என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

ஆனால் அந்த மேசையில் தாஹு என்ற சோயாக் கட்டி, தாமரைத்தண்டு, கத்தரிக்காய், பீன்ஸ், கறுப்புக் காளான் ஆகியவையும் இருந்தன. கடை ஆன்ட்டியிடம் முட்டை உண்டா என்று மலாயில் கேட்டேன். ‘சூசு அடா, தெலூர் தடா’, பால் உண்டு, முட்டை இல்லை என்று சொல்லிவிட்டு, எங்கள் அடுத்த கேள்வியை எதிர்பார்த்தவர்போல் வெங்காயமும் பூண்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். பௌத்த வழியில் வந்த சீன சைவம் பூண்டையும் வெங்காய இனத்தையும் விலக்குவது. இஞ்சியும் காளானும் நல்லெண்ணெயும் புளித்த சோயாவும் அந்த வெற்றிடத்தை நிரப்புகின்றன. அம்மாவின் முகம் மாறியதைக் கவனித்தேன். வெங்காயமும் பூண்டும் ஒதுக்கும் விரத நாட்களில் இந்திய சைவ உணவகத்தில் அவர் உண்ணக்கூடியது தயிரும் வெறும் சோறும் தவிர அதிகமில்லை. இங்கோ மேசையில் பாதி அவருடையது. முட்டை சேர்க்கும் சீன சைவக் கடைகளும் உண்டு என்பதால் அந்த ஒரு கேள்வி மட்டும் ஒவ்வொரு புதுக் கடையிலும் அவசியம். அதைக் கேட்டு முடித்துவிட்டால் பிறகு நிம்மதி.

எனக்கு இக்கடைகள் தந்தது இன்னொன்று. பினாங்கின் அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸ் குழம்பை மற்றவர்கள் உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதன் குழம்பே மீனில் வெந்தது, மேலே கறுப்பாக ஊற்றுவது இறால் கூழ். அதே குழம்பை மீனின்றி, அசாம் கெப்பிங் என்ற உலர்ந்த புளிப்புப் பழத்துண்டின் புளிப்போடும், இஞ்சி இனத்துப் பூவான புங்கா கந்தான் மொட்டின் வாசத்தோடும் ஒரு சைவக் கடையில் குடித்த அன்றுதான் இந்த ஊரின் ருசி என் நாக்கில் பட்டது. அன்னாசியும் வெள்ளரியும் புதினாவும் மேலே தூவியிருந்தார்கள். இந்திய உணவகத்தில் தமிழ்நாட்டுச் சாப்பாடு கிடைக்கிறது. பினாங்கின் சாப்பாட்டைச் சைவர்களுக்குத் தருவது இந்தக் கடைகளே.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாத முதல் ஒன்பது நாட்களில், நவ பேரரசர் விழாவின்போது பினாங்கில் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவெங்கும் முளைக்கும். 2024-இல் அவ்விழாவும் நவராத்திரியும் ஒரே நாளில், அக்டோபர் 3 அன்று, தொடங்கின. நம் புரட்டாசியும் அப்போது முடிந்திருக்கவில்லை. கொலுவுக்கு வந்த இடத்தில் இரவு உணவை மஞ்சள் கொடிக் கடையில் முடித்துக்கொண்டோம். எல்லா ஆண்டும் இப்படி அமைவதில்லை. அடுத்த ஆண்டில் சீன நாட்காட்டியில் ஓர் அதிக மாதம் வந்ததால் இரண்டும் விலகிப்போயின. சீன மாதத்தின் முதல் நாளும், பதினைந்தாம் நாளும் சீனர் பலர் சைவம் உண்பதால் இக்கடைகளில் கூட்டம் நெருக்கும் என்பதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

மாமாக் கடையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நள்ளிரவிலும் திறந்திருக்கும் என்பதே அதன் பலம். ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ளப் பருப்பு கேட்டால், அதன்மேல் மீன் கறியையும் ஒரு சுற்று ஊற்றித் தருவது அங்கே உபசாரம். நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், பெயர் வேண்டாம், பருப்புக் கிண்ணத்திலிருந்து நான் ஒரு முள்ளை எடுத்திருக்கிறேன். அன்று முதல் மாமாக் கடையில் எங்கள் உணவு ‘ரொட்டி கோசோங், சீனி’, அதாவது வெறும் ரொட்டியும் சர்க்கரையும் மட்டும். மாவில் முட்டை உண்டா என்று அதற்கும் கேட்டுக்கொள்கிறோம். சுடச்சுட முறித்த ரொட்டியைச் சீனியில் தொட்டு, இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீரோடு உண்பது பசிக்குப் போதுமானதுதான். கோப்பிக் கடையின் காயா ரொட்டி பார்வைக்குச் சாதுவாக இருந்தாலும், காயாவே முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டுவது என்பதால் அம்மாவுக்கு ஆகாது.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு ஒருவாறு நிலைத்திருக்கிறது. போகும்போது ரயிலில் இட்டிலியும் மிளகாய்ப்பொடியும், அல்லது உறையும் தயிர்சோறு. அன்று மாலை சீன சைவக் கடை. மறுநாள் அக்கா வீட்டில் அம்மாவே அடுப்பைப் பிடித்துக்கொள்வார். இந்திய உணவகம் காலைத் தோசைக்கு, முழுச்சைவமானால் மட்டும். திரும்பும் வழிக்கு என்ன என்பதுதான் தீராமல் இருந்தது, அக்கா கட்டித்தரும் சோற்றை அம்மா நம்புவதில்லை என்பதால். சென்ற முறை புறப்படும் நாளில், கழுவித் துடைத்த இட்டிலி டப்பாவை அம்மா பையிலிருந்து எடுத்து அந்தச் சீனக் கடை ஆன்ட்டியிடம் நீட்டி, ரயிலில் நான்கு மணி நேரம் தாங்குமா என்று கேட்கும்படி என்னிடம் சொன்னார். ஆன்ட்டி மேசையை ஒருமுறை நோட்டமிட்டு, குழம்பில் மிதந்தவற்றை எல்லாம் கையசைத்து விலக்கி, சோயாவில் வறட்டிய தாஹுவைக் காட்டினார். பிறகு அதை அள்ளிப் போட்டவர், ஆறட்டும் என்று டப்பாவை மூடாமல் மின்விசிறிக்குக் கீழே வைத்தார்.