மருந்தடிக்கும் ட்ரோன், மூன்று போகத்துக்குப் பிறகு: உயரம்தான் தகராறு

சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்து, "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே பத்து லிட்டர் ட்ரோன் விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா?" என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

டேங்க், பேட்டரி கணக்கெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். என் தகராறு உயரம் மட்டும்தான். பயிருக்கு மேல் 2 மீட்டர் என்று வைத்தால் 2 மீட்டரில் போக வேண்டும், ஆனால் என்னுடையது இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். தாழ்ந்தால் விசிறிக் காற்று பூட்டை வெளிவந்த நெல்லைச் சாய்த்துவிடும், மருந்தும் ஒடுங்கி விழுந்து நடுவில் பட்டை பட்டையாக விட்டுப்போகும். உயர்ந்தால் மருந்து காற்றோடு போய்விடும். களைக்கொல்லி அடிக்கும் நாளில் பக்கத்து வயலில் உளுந்து நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சர்வீஸ் ஆள் வந்து உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டை மாற்றச் சொன்னார். மாற்றினோம். பணம் போனது, ஆட்டம் போகவில்லை. அப்புறம் நானே உட்கார்ந்து பார்த்தால், அடியில் இருந்து பயிருக்கு எவ்வளவு உயரத்தில் போகிறோம் என்று அளக்கும் ரேடாரின் மூடியில் மருந்து காய்ந்து ஏடு கட்டியிருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் திருகு ஒன்று தளர்ந்து கிடக்கிறது! ஈரத்துணியால் துடைத்து, திருகை முடுக்கியதும் பாதி ஆட்டம் நின்றது. இதைப் பார்க்காமல் போர்டுக்குக் காசு வாங்கியதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மீதிப் பாதி வேறு கதை. நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தேன், அசையாமல் போனது. அப்படியானால் கோளாறு மெஷினில் இல்லை, வயலில். நட்டு இருபது நாள் ஆன வயலில்தான் அதிகம் ஆடியது, ஏனென்றால் பயிர் இன்னும் இடைவெளி இல்லாமல் அடர்ந்து மூடாததால் ரேடார் ஒரு நொடி இலை நுனியைப் பிடிக்கிறது, அடுத்த நொடி கீழே நிற்கும் தண்ணீரைப் பிடிக்கிறது. வேகத்தை நொடிக்கு 5 மீட்டரிலிருந்து மூன்றரையாகக் குறைத்து, ரேடாரின் உணர்திறனையும் ஒரு படி இறக்கினேன். இப்போது சீராகப் போகிறது, ஆனால் உயரமான வரப்பு வந்தால் தாமதமாகத்தான் ஏறுகிறது, அங்கே கை ரிமோட்டிலேயே இருக்க வேண்டும். டேங்க் பாதி காலியான பிறகு மட்டும் உங்களுடையது ஆடினால் ரேடாரைக் குறை சொல்லாதீர்கள், அது உள்ளே தண்ணீர் அலம்புவதாக இருக்கலாம்.

சரி, நல்லதையும் சொல்லியாக வேண்டும். முழங்கால் சேற்றில் முதுகில் டேங்கைச் சுமந்து நடந்தவனுக்கு, வரப்பில் நின்றபடி பத்து நிமிடத்துக்குள் ஒரு ஏக்கர் முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். உயரம் சரியாக நின்ற நாட்களில் விசிறிக் காற்றே பயிரை விலக்கி மருந்தை உள்ளே இறக்குவதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

தம்பியிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். சம்பாவுக்கு என் ட்ரோனையே கொண்டுவந்து அடித்துத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.