கோட்டை அகழியைச் சுற்றி நான்கு வருடம்

அம்மா போன பிறகும் விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். ஆறு வருடமாக அந்த நேரத்தில்தான் அவளை எழுப்பிப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவேன். மறதி நோய். நான் யார் என்பதே மறந்துபோன பிறகும் அவளுக்கு மூன்று மணி தவறாது. ஆள் போய்விட்டாள், அலாரம் என் உடம்பில் தங்கிவிட்டது. விழித்தால் ஒரே யோசனைதான்: கொஞ்சம் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால்?

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் மரம் இருக்கிற இடமாகப் பார்த்து நடக்கச் சொன்னார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டை விட்டுவிட்டு பாலக்காடு டவுனுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்தது கோட்டை. 1766-இல் ஹைதர் அலி கட்டியது. வெளியே அகழி, அதை ஒட்டி நடக்கிற பாதை, உள்ளே ஆஞ்சநேயர் கோயில். என் நடைக்கு ஒரு சுற்று பன்னிரண்டு நிமிடம். தினம் மூன்று சுற்று.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும். கால் வலித்தது, அழுகை வந்தது. பாதையில் எல்லோரும் ஜோடி ஜோடியாகப் போவது போல இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அகழித் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஒரு சுற்றோடு திரும்பிய நாட்களும் உண்டு.

மூன்றாவது மாதம் ஒருநாள் காய்ச்சல், போகவில்லை. மறுநாள் தினமும் எதிர்ச்சுற்று வரும் ஒரு பெரியவர் நின்று, "எந்தா சேச்சி, இன்னலே கண்டில்லல்லோ?" என்றார். எழுபதைத் தாண்டிய மனிதர் என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்கிறாரே என்று சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போனதிலிருந்து நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் கதை அவருக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் கேட்டால் "எப்படி இருக்கே?" என்பதற்குள் இன்னும் நாலு கேள்வி ஒளிந்திருக்கும். இவர் கேட்டது நேற்று ஏன் வரவில்லை என்பது மட்டும். என்னைத் தேறவைத்தது மரத்தைவிட இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

மரத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கோட்டையில் வேலை நடந்த ஒரு வாரம் ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் அதே நேரம் நடந்து பார்த்தேன். வியர்த்தது, பசித்தது, ஆனால் அந்த ஆஸ்பத்திரி யோசனை கூடவே நடந்து வந்தது. 2015-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு கூட்டத்தைப் பச்சையான இடத்திலும் இன்னொரு கூட்டத்தை வண்டி நெரிசலான சாலையிலும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். ஒன்றையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் முதல் கூட்டத்துக்குத்தான் குறைந்தது. படித்தபோது, அட, நம்ம பஸ் ஸ்டாண்டு ரோடு என்று தோன்றியது.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்து 2019-இல் வந்த ஆய்வு ஒன்றும் உண்டு. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் இருப்பவர்கள் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசமில்லை. ஆனால் நடப்பதால் நலமா, நலமாக இருப்பவர்தான் நடக்க வருகிறாரா என்பதை அது தீர்த்துவைக்காது. என் மூன்று சுற்று வாரத்துக்கு 250 நிமிடத்தைத் தாண்டும், அந்த அளவில் எனக்கு நிம்மதி.

மலம்புழாவுக்கும் போய்ப் பார்த்தேன். அணை, தோட்டம், கானாயி குஞ்ஞிராமனின் யக்ஷி சிலை, ரோப்வே எல்லாம் அழகுதான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், மறுநாள் மூன்று மணிக்குப் பழைய குருடி. வருடத்துக்கு இரண்டு முறை போவதற்கு அது சரி. தினசரி மருந்துக்கு வீட்டுப் பக்கத்தில் இருக்கும் சாதாரண இடம்தான் தோது.

குறை சொல்லவேண்டுமானால் பருவம்தான் முதல் குறை. மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும், ஏழு மணிக்கு மேல் நடக்க முடியாது. ஜூன் மழையில் கல் வழுக்கும். இரண்டாம் வருடம் விழுந்து மணிக்கட்டில் மூன்று வாரம் கட்டு. டிசம்பரில் கணவாய்க் காற்று காதை அடைக்கும், ஆனால் எனக்குப் பிடித்த மாதம் அதுதான். கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வருகிற காற்று ஆயிற்றே! அப்புறம் தெருநாய்கள். கையில் குடை இருந்தால் சமாளிக்கலாம்.

மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. டாக்டர்தான் ஒன்றரை வருடத்தில் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். நடுவில் ஒரு மோசமான இரவில் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கும் கூப்பிட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் கோட்டைக் கதவு திறந்திருக்காதே.

இப்போதும் வாரத்தில் ஒருநாள் மூன்று மணிக்கு விழிப்பு வரும். புரண்டு படுத்து, இன்றைக்குப் பெரியவர் எந்தப் பக்கச் சுற்றில் வருவார் என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன். போன மாதம் அவர் நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவரை நிறுத்தி, "எந்தா, கண்டில்லல்லோ?" என்று நான் கேட்டேன். பேரனுக்குக் காது குத்தாம்.