துருவக் கடலின் சிறு ஓட்டுடலிகள் என்ன தின்றன? வயிறு, டி.என்.ஏ., கொழுப்பு, ஐசோடோப்: யார் பேச்சை நம்புவது?

ஊட்டி ஏரியில் மிதவை வலையை இழுத்து, தேறியதை நுண்ணோக்கியில் வைத்தால் ஒற்றைக் கண்ணோடு துள்ளி ஓடும் சைக்ளோப்ஸ் தெரியும். எங்கள் பக்கத்து விலங்கியல் மாணவர்கள் முதலில் பார்க்கும் கோப்பிபாட், அதாவது நீரில் மிதக்கும் பொடி ஓட்டுடலி, அதுதான். அந்த வம்சத்தின் துருவக் கடல் கிளையையும், அதற்குத் தூரத்து உறவான கிரிலையும் பற்றியது இந்த அலசல். அரிசி மணி அளவுள்ள காலனஸ் என்ற கோப்பிபாட், விரல் நீளத்துக்கு வளரும் இறால் போன்ற கிரில் எல்லாம் பனிக்கடலில் என்ன தின்று பிழைக்கின்றன? பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. தடயம் வைத்துத்தான் சொல்ல வேண்டும். எந்தத் தடயம் என்பதில்தான் போட்டி.

என்னிடம் படித்த கோத்தகிரிப் பெண் ஒருத்தி ஆர்க்டிக் கோப்பிபாட்களில் முனைவர் பட்டம் செய்யப் போகிறாள். "எல்லாரும் டி.என்.ஏ. தானே சார் பண்றாங்க, நானும் அதையே எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "பேர் சொல்லும்மா அது. எவ்வளவு தின்னுச்சு, எப்போ தின்னுச்சுன்னு கேட்டா முழிக்கும்" என்றேன். அதைத்தான் இங்கே விரிக்கிறேன். ஒளிப்பானேன், உடலில் சேர்ந்த கொழுப்பை வைத்து உணவைச் சொல்லும் கட்சி நான்.

பழைய வழி வயிற்றைத் திறந்து பார்ப்பது. செலவு குறைவு, கண்ணால் பார்த்த சாட்சி. ஆனால் கிரில் தன் இரையை முதலில் தாடையிலும் பிறகு இரைப்பையிலும் அரைத்துத் தள்ளிவிடும். மிஞ்சுவது டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசிகளின் சிலிகா ஓடுகள். ஓடு இல்லாத மென்மையான உயிரணுக்கள் அடையாளமில்லாமல் கரைந்து போகும். ஆகவே வயிற்றை மட்டும் நம்பினால் எல்லா கிரிலும் டயட்டம் பிரியர்களாகத் தெரியும். குடலில் உள்ள பச்சைய நிறமியை ஒளிர்வை வைத்து அளக்கும் முறையும் உண்டு. விரைவானது, கடலிலேயே செய்யலாம். ஆனால் அது தாவர உணவை மட்டுமே காணும், இறைச்சியைக் காணாது. இரண்டுமே கடைசிச் சில மணி நேரத்துக் கதைதான்.

இரையின் டி.என்.ஏ.வைப் படிக்கும் முறை அந்தக் குறையில் பாதியைத் தீர்த்தது. ஓடில்லாத இரை, ஜெல்லி போன்ற இரை, கண்ணுக்கே அகப்படாத ஒட்டுண்ணி வரை பெயரோடு எடுத்துக் கொடுக்கும். இதில் அதை வெல்ல ஆள் இல்லை. தொல்லைகளும் அதற்கே உரியவை. ஒரு கோப்பிபாடை முழுதாக அரைத்தால் கிடைக்கும் டி.என்.ஏ.வில் பெரும்பங்கு அதனுடையதே; இரையின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். அதை அடக்கத் தனித் தடுப்பு வினைப்பொருள் சேர்க்க வேண்டும். தன் இனத்து முட்டையையோ குஞ்சையோ தின்றிருந்தால் அதைப் பிரித்தறிய வழியே இல்லை. கிரில் ஒரு கோப்பிபாடைத் தின்ன, அந்தக் கோப்பிபாடின் வயிற்றில் டயட்டம் இருந்தால் அதுவும் கிரிலின் கணக்கில் ஏறிவிடும். கிடைத்த டி.என்.ஏ. வரிசைகளின் எண்ணிக்கையை உணவின் அளவாகப் படிப்பதும் ஆபத்து. போதாததற்கு, வலைக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிடும் பிராணிகள் இவை. கடலில் தின்றதும் வலையில் தின்றதும் டி.என்.ஏ.வுக்கு ஒன்றுதான்.

இனி என் கட்சிக்கு வருகிறேன்.

துருவத்தில் விளைச்சல் காலம் குறுகியது. சில மாதத்துப் பாசி மலர்ச்சியில் தின்றதை ஆண்டு முழுவதும் வைத்துத் தின்ன வேண்டும். அதனால் ஆர்க்டிக் காலனஸ் இனங்களின் கண்ணாடி போன்ற உடலுக்குள் நீளமான எண்ணெய்ப் பை ஒன்று கிடக்கும். கொழுத்த பருவத்தில் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புதான். அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்ற தடம் அதற்குள்ளேயே இருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. நெய்யின் தர விதிகளில், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அதிகம் போடும் வட்டாரங்களுக்கென்று தனி அளவுகள் வகுத்திருக்கிறார்கள். தீனி மாறினால் கொழுப்பு மாறும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

பாசிகள் ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று சில கொழுப்பு அமிலங்களை அதிகம் செய்யும். டயட்டம் என்றால் 16:1 ஒமேகா-7 (16 கார்பன், ஓர் இரட்டைப் பிணைப்பு என்று பொருள்), இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 அமிலம் இரண்டும் தூக்கலாக இருக்கும். சாட்டையிழையால் நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட் என்றால் 18:4 ஒமேகா-3, டி.எச்.ஏ. என்ற இன்னொரு ஒமேகா-3. தின்பவை இவற்றைப் பெரிய மாற்றமில்லாமல் சேமிப்பில் போட்டுக்கொள்கின்றன. இது ஊகமல்ல. ஆர்க்டிக் கோப்பிபாட்களுக்கு ஆய்வகத்தில் உணவை மாற்றிப் போட்டு, சில வாரங்களில் கொழுப்பும் அதன் பின்னால் மாறுவதை 1994-ல் கிரேவ், காட்னர், ஹாகன் மூவரும் காட்டினார்கள். அடுத்த படியும் உண்டு. காலனஸ் இனங்கள் 20:1, 22:1 என்ற நீண்ட சங்கிலிகளைத் தாங்களே செய்கின்றன. அவை ஆம்பிபாட் என்ற வேறொரு ஓட்டுடலியின் உடம்பிலோ துருவக் காட் மீனிலோ தென்பட்டால், அங்கே காலனஸ் இரையாகியிருக்கிறது என்று பொருள்.

வேலையும் கமுக்கமானதல்ல. 1957-ல் ஃபோல்ச் குழுவினர் சொன்ன குளோரோஃபார்ம்-மெத்தனால் கலவை, 2-க்கு 1, இன்றும் ஓடுகிறது. பிரித்த கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக்கி, கலவையைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபில் செலுத்துவார்கள். நீலகிரித் தைலத்தில் சினியோல் எவ்வளவு என்று பார்க்கும் அதே வகைக் கருவிதான். மலைப் பிள்ளைகளுக்கு அதன் வரைபட மலைகளைப் படிப்பது ஒன்றும் கடினமில்லை.

கட்சிக்காரன் என்பதற்காகக் குறையை மறைக்க மாட்டேன். கொழுப்பு கூட்டத்தைக் காட்டும், இனத்தின் பெயரைச் சொல்லாது. டி.என்.ஏ. இருக்கும் இடத்தில் பெயருக்காகக் கொழுப்பிடம் போவது வீண். 18:1 ஒமேகா-9 கூடினால் இறைச்சி தின்றது என்று படிப்பார்கள். ஆனால் அதை விலங்கே செய்துகொள்ளவும் முடியும், ஆகவே அந்த ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, சேமிப்புக் கொழுப்பையும் செல் சவ்வுக் கொழுப்பையும் பிரிக்காமல் மொத்தமாக அளப்பது. சவ்வில் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் எப்படியும் நிறைய இருக்கும், உணவு எதுவானாலும். குளிர்காலம் முடிந்து மெலிந்த கிரிலை மொத்தமாக அளந்தால் சவ்வைத்தான் அளக்கிறோம். சேமிக்கும் வகையும் இனத்துக்கு இனம் வேறு: அண்டார்டிக் பெருங்கிரில் சாதாரண எண்ணெய் போன்ற டிரைகிளிசரைடாக வைக்கும், கரையோரப் பனிக்கிரில் மெழுகு வகையான மெழுகு எஸ்டராக வைக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள், இன்னும் நீண்ட நினைவு. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் நைட்ரஜன்-15 சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 பங்கு கூடும். யார் மேலே, யார் கீழே என்பதற்கு இதைவிட எளிய அளவுகோல் இல்லை. என்ன தின்றது என்று கேட்டால் மட்டும் பதில் மங்கல். இதில் ஒரு வேடிக்கை: கொழுப்பில் கார்பன்-13 குறைவு. ஆகவே கொழுத்த கோப்பிபாடின் கார்பன் அளவு உணவு மாறாமலேயே இறங்கிவிடும். ஐசோடோப்காரர்கள் முதல் வேலையாகக் கொழுப்பைக் களைந்து எறிகிறார்கள். எனக்கு வேண்டியது அவர்களுக்குக் குப்பை.

கொழுப்பும் ஐசோடோப்பும் கை கோத்தால் மட்டுமே தீரும் வழக்கும் ஒன்று உண்டு. கடற்பனியின் அடியில் ஒட்டி வளரும் பாசியைத் தின்றதா, திறந்த நீரில் மிதக்கும் பாசியைத் தின்றதா? இரண்டிலும் டயட்டம்தான் அதிகம், கொழுப்பு அமிலமும் ஏறக்குறைய ஒன்றுதான். கொழுப்பு மட்டும் இங்கே ஊமை. ஆனால் பனியின் உப்புநீர்த் துளைகளில் கரியமில வாயு எளிதில் கிடைக்காததால் அங்கே வளரும் பாசியில் கார்பன்-13 கூடுதல். 16:1 ஒமேகா-7-ஐத் தனியே பிரித்து அதன் ஐசோடோப்பை அளந்தால் பனியா நீரா என்று தெரியும். பனிப் பாசிகளில் சில மட்டுமே செய்யும் ஐ.பி.25 என்ற ஹைட்ரோகார்பனைத் தேடுவது மற்றொரு வழி. 2007-ல் பெல்ட் குழுவினர் அறிமுகப்படுத்தியது. பனி சுருங்கிவரும் காலத்தில் ஆர்க்டிக்கில் இந்தக் கேள்விக்குத்தான் மதிப்பு.

நடைமுறையில் கொழுப்பு எங்கள் ஊருக்குத் தோதான மாதிரி அல்ல என்பதையும் அவளிடம் சொன்னேன். ஐசோடோப்புக்கு உலர்த்தினால் போதும், டி.என்.ஏ.வுக்கு எத்தனாலில் போட்டுவைக்கலாம். இரட்டைப் பிணைப்பு நிறைந்த கொழுப்போ காற்றுப்பட்டால் கெடும்; மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி வேண்டும். ஆனி ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் கோத்தகிரியில் மின்சாரம் எப்போது வரும் என்று யார் சொல்வது? ஜெனரேட்டர் உள்ள ஆய்வகத்தில் மாதிரியை வைத்துவிட்டு, வரைபடங்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

அவள் மாதிரி எடுக்கப் போவது நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடற்கழியில். 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருக்கும் நீ-ஒலேசுண்ட் அதன் கரையில்தான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் காலனஸ் ஃபின்மார்க்கிகஸும் ஆர்க்டிக்குக்கே உரிய காலனஸ் கிளேசியாலிஸும் அங்கே கலந்து கிடக்கும். அளவை வைத்துப் பிரித்தால் ஏமாந்து போவோம். ஆகவே ஒரே விலங்கை மூன்று பங்காக்கச் சொல்லியிருக்கிறேன். உடலிலிருந்து கொழுப்பைப் பிரித்து, சேமிப்பைத் தனியே குரோமட்டோகிராஃபுக்கு. கொழுப்பு போன சக்கை ஐசோடோப்புக்கு. அந்தக் களைவில் நைட்ரஜன் அளவு சற்று நகரும் என்பதால் சிலவற்றைக் களையாமலும் அளக்க வேண்டும். டி.என்.ஏ.வுக்கு ஓர் உணர்கொம்பு போதும். அதைக் கிள்ளி எத்தனாலில் போட்டால், என்ன தின்றது என்று தெரியாவிட்டாலும், தின்றது யார் என்றாவது நிச்சயமாகும்.