கால் நீட்டிப்பு பேக்கேஜ்: கே.எல்.-லில் (கோலாலம்பூரில்) பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

செந்தூலில் எனக்குத் தெரிந்த இரண்டு பையன்கள் இந்த மாதம் என்னிடம் கால் நீட்டும் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டார்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டார். நான் கட்டிய அதே இடத்தில். அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் உயரம் 161 சென்டிமீட்டர். பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் "மாப்பிள்ளைக்கு உயரம் பத்தல" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வலி எனக்குப் பெரியது. இன்னொருவருக்கும் அப்படி இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். செய்துகொள்வதும் விடுவதும் அவரவர் முடிவு. நான் ஏமாந்தது ஆபரேஷனுக்கு அப்புறம்.

கோலாலம்பூர் நடுவில் ஓர் உயரமான கட்டடத்தில் அந்த ஏஜென்சியின் அலுவலகம். ஒரு தமிழ்ப் பெண்மணி "வாங்க தம்பி, உக்காருங்க" என்று அன்பாகப் பேசினார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் காலை அளந்து, முட்டியை மடக்கிப் பார்த்து, "முட்டிக்குக் கீழ 8 சென்டி தாராளமா ஏத்தலாம்" என்றார். இஸ்தான்புல்லில் ஆபரேஷன், திரும்பி வந்ததும் வாரா வாரம் எக்ஸ்ரே, தினமும் பிசியோதெரபி, எல்லாம் கே.எல்.-லிலேயே. மூன்று மாதத்தில் நடக்கலாம். மொத்தம் 92,000 வெள்ளி (ரிங்கிட்). என் சேமிப்பு போதவில்லை. பேங்க் லோன் எடுத்தேன், அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அந்த மூன்று மாதத்தை நானே அன்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எலும்பை வெட்டி, உள்ளே நெயில் என்ற உலோகத் தண்டை வைத்து, வெளியே காலைச் சுற்றி உலோகக் கூண்டை மாட்டி, ஒரு வாரம் விட்டு, பிறகு நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்குகிறார்கள். அந்த இடைவெளியில்தான் புது எலும்பு வளரும். 8 சென்டிக்கு விலக்கவே 80 நாள் ஆகும். வளர்ந்தது கெட்டிப்பட அதைவிட அதிக காலம் பிடிக்கும். வெளியே இருக்கும் கூண்டைக் கழற்ற ஓர் ஆபரேஷன், உள்ளே இருக்கும் நெயிலை எடுக்க ஓரிரு வருடம் கழித்து இன்னொன்று. இந்த இரண்டுக்கும் தனியாகப் பணம், டிக்கெட்டும் தனி என்று கூண்டோடு வீட்டில் படுத்திருக்கும்போதுதான் வாட்ஸ்அப்பில் சொன்னார்கள்.

இஸ்தான்புல்லில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆபரேஷன் ஒழுங்காக நடந்தது, 18-ஆவது நாள் விமானம் ஏற்றினார்கள். கே.எல்.-லில் இறங்கிய பிறகுதான் கேட்க ஆளில்லை. பிசியோதெரபிக்கு ஒருவர் இரண்டு தடவை வந்தார், அப்புறம் வரவே இல்லை. எக்ஸ்ரே எப்போது கேட்டாலும் "அடுத்த வாரம் தம்பி".

காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நள்ளிரவு. நான்கு வேளையும் கூண்டில் ஸ்பானரை மாட்டித் திருகுவேன், ஒவ்வொரு தடவையும் 0.25 மில்லிமீட்டர். கூண்டின் கம்பி தோலுக்குள் போகும் இடங்களை அம்மா பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுவார். அப்புறம் வாக்கரைப் பிடித்து என்னை நிற்க வைத்து, குதிகாலுக்கு அடியில் நாளிதழை மடித்துச் செருகிப் பார்ப்பார். முதல் வாரம் ஒற்றைத் தாள்கூட நுழையவில்லை. மூன்றாம் வாரம் நான்காக மடித்தது போனது. அதற்கு அடுத்த வாரம் ஞாயிறு பேப்பர் முழுசாகப் போனது. அம்மா ஒன்றும் பேசவில்லை. பேப்பரை நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எலும்பு நீளும் வேகத்துக்குக் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் நீளாது. தினமும் இழுத்துப் பயிற்சி கொடுக்காவிட்டால் பாதம் கீழ்நோக்கி இறுகி, குதிகால் தரையைத் தொடாது. பிசியோதெரபி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சில நாளில் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மரத்துப் போனது. ஊசியால் குத்திப் பார்த்தேன், தெரியவில்லை. நரம்பு இழுபடுகிறது, வேகத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்பதற்கான அறிகுறி அது. படம் எடுத்து அனுப்பினேன். "நார்மல்தான் தம்பி, தொடர்ந்து சுத்துங்க." ஐந்து தடவை கேட்டேன், ஐந்து தடவையும் அதே பதில்தான்.

இரண்டு தனியார் மருத்துவமனைகள் வேறு டாக்டர் போட்ட கம்பியைத் தொட மாட்டோம் என்று அனுப்பிவிட்டன. கடைசியில் அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். ஊர் திரும்பிய ஐந்து வாரத்தில் முதல் எக்ஸ்ரே அங்கேதான் எடுத்தார்கள். இடது காலில் புது எலும்பு ஒரு பக்கம் மெலிந்து, பஞ்சு மாதிரி இருந்தது. பார்த்த டாக்டரம்மா, "இன்னைக்கே நிறுத்துங்க. கீழ்க்கால் எலும்புல 5 சென்டி தாண்டினாலே சிக்கல் கூடிக்கிட்டே போகும், 8-ன்னு யார் சொன்னது?" என்று கேட்டார். 4.6-இல் நின்றது.

வார்டில் எனக்கு இரண்டு பக்கமும் அதே மாதிரிக் கூண்டுதான், மோட்டார் விபத்தில் எலும்பு நொறுங்கிய பையன்களுக்கு. 1950-களில் சோவியத் நாட்டின் குர்கன் நகரில் இலிசாரோவ் என்ற டாக்டர், எலும்பு கூடாத நோயாளிகளுக்காகத்தான் இந்த முறையை உருவாக்கினார். அந்தப் பையன்களின் பாதத்தைப் பிசியோதெரபி அக்கா தினமும் வந்து மேல்நோக்கி மடக்கிப் பிடித்தார். நான் 92,000 வெள்ளி கொடுத்து வாங்க நினைத்தது அதைத்தான்.

கூண்டைக் கழற்றும் முன் உள்ளே இருக்கும் நெயில் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று டாக்டரம்மா கேட்டார். என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. ஏஜென்சி போனை எடுக்கவில்லை. இஸ்தான்புல் மருத்துவமனைக்கு நானே மின்னஞ்சல் போட்டேன். இரண்டு நாளில் எல்லாம் வந்தது, கூடவே ஒரு கேள்வியும்: "உங்கள் கோலாலம்பூர் டாக்டரிடமிருந்து வாராந்திர எக்ஸ்ரே ஏன் வரவில்லை?" அப்படி ஒரு டாக்டர் இருப்பதாக ஏஜென்சி அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறது. காலை அளந்த அந்த வெள்ளைக் கோட்டுக்காரரின் பெயரை அன்றிரவு மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் தேடினேன். இல்லை. யாரும் இலவசமாகத் தேடலாம், இரண்டு நிமிட வேலை. எலும்பு நிபுணர் என்று சொன்னால் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் பாருங்கள். பணம் கட்டும் முன் பாருங்கள்.

இப்போது 14 மாதம் ஆகிறது. வலது குதிகால் பயிற்சியிலேயே இறங்கிவிட்டது. இடதுக்குத் தசைநாரை நீட்டும் ஆபரேஷன் செய்தார்கள். விரலிடுக்கில் உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன், வக்கீலிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் வளையல்களை இன்னும் மீட்கவில்லை.

முன்பணம் கட்டிவிட்டுத் தேதிக்காகக் காத்திருக்கும் தம்பிக்கும், இன்னும் யாராவது இருந்தால் அவர்களுக்கும்: ரசீதை எடுத்துப் பாருங்கள். பிசியோதெரபி எத்தனை தடவை, எந்த இடத்தில், யார் செய்வது, எக்ஸ்ரேயைப் பார்க்கும் டாக்டரின் பெயர் என்ன, கூண்டைக் கழற்ற யார் பணம் கட்டுவது என்று எழுதியிருக்கிறதா? என் ரசீதில் "பிசியோதெரபி" என்பதற்கு நேராக "சேர்க்கப்பட்டுள்ளது" என்று மட்டும்தான் இருந்தது.