விஜிசிகே: பல ஆண்டுப் பழக்கத்தில் கண்டவை

லினக்ஸ் சர்வர்களில் பல வட்டுகளை ஒரு குழுவாகச் சேர்த்துப் பிரித்துத் தரும் எல்விஎம்மைப் பயன்படுத்துபவர்கள் பலரும் கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகேயோடு நின்றுவிடுகிறார்கள். எல்விஎம்மின் விஜிசிகே (vgck) என்ற கட்டளை அதற்கு ஒரு படி கீழே வேலை செய்கிறது. எந்த லாஜிக்கல் வால்யூம் (எல்விஎம் பிரித்துத் தரும் சேமிப்புப் பகுதி) எந்த வட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற பதிவேடு, அதாவது மெட்டாடேட்டா, ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். உள்ளே இருக்கும் கோப்புகள் அதற்கு ஒரு பொருட்டல்ல. வால்யூம்களை அன்மவுண்ட் செய்யாமலே ஓட்டலாம் என்பது பெரிய நிம்மதி.

ரூட் (நிர்வாகி) உரிமையோடு கட்டளையையும் வால்யூம் குரூப்பின், அதாவது வட்டுக் குழுவின், பெயரையும் கொடுத்தால், கோளாறு இல்லாதபோது ஒரு வரிகூட வராது. புதியவர்கள் கட்டளை ஓடியதா என்றே சந்தேகப்படுவார்கள். இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு இந்த மௌனம்தான் வசதி. ஆனால் கட்டளை முடியும்போது தரும் வெளியேறும் குறியீட்டை மட்டும் நான் நம்புவதில்லை. பிழை வெளியீட்டில் எது விழுந்தாலும் மின்னஞ்சல் வரும்படி வைத்திருக்கிறேன்.

அப்படி வந்த ஓர் எச்சரிக்கை நினைவில் நிற்கிறது. பழுதென்று கழற்றிய வட்டை, விஜிரெட்யூஸ் கட்டளை மூலம் குழுவிலிருந்து நீக்கியிருந்தோம். பிறகு யாரோ அதையே மீண்டும் செருகிவிட்டார்கள். வட்டில் இருந்த மெட்டாடேட்டாவின் வரிசை எண் 57, குழுவின் நடப்பு எண் 59. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்த எண் ஒன்று கூடும் என்பதால், பழையது எது என்பதில் எல்விஎம் தடுமாறவில்லை. 2.03 வரிசைப் பதிப்புகளில் உள்ள அப்டேட்மெட்டாடேட்டா என்ற தெரிவைச் சேர்த்து விஜிசிகேயை ஓட்டியதும் பழைய பதிவு துடைக்கப்பட்டது. அந்தத் தெரிவு வட்டில் எழுதும். வெறும் சோதனை என்று நினைத்துக் கொடுக்கக் கூடாது. முதலில் மெட்டாடேட்டாவுக்குக் காப்புப் பிரதி எடுக்கும் விஜிசிஎஃப்ஜிபேக்கப், பிறகுதான் அது.

காப்புப் பிரதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடிசி கோப்புறையில் எல்விஎம்மின் கீழ் ஆர்க்கைவ் என்றொரு இடம் இருக்கிறது. அங்குள்ளவை சாதாரண உரைக் கோப்புகள். ஒவ்வொன்றின் தலையிலும் எந்தக் கட்டளைக்கு முன் எடுத்த பிரதி என்று எழுதியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு யார் எந்த வால்யூமை நீட்டினார்கள் என்ற விசாரணையைப் பலமுறை அந்த ஒரு வரியே முடித்து வைத்திருக்கிறது! இயல்பு அமைப்பில் குறைந்தது 10 பிரதிகளும் 30 நாள்களும் காக்கப்படும். ஆனால் ரூட் கோப்பு முறைமையும் அதே குழுவில் இருந்தால், குழு கெடும்போது பிரதிகளும் எட்டாமல் போகும். அதனால் அவற்றை வேறொரு இயந்திரத்துக்கும் நகலெடுக்கிறேன்.

குறை என்றால், விஜிசிகேயின் செய்திகள் காரணத்தை விளக்குவதில்லை. வட்டின் தலைப்பகுதியே சிதைந்திருந்தால் தனி வட்டைச் சோதிக்கும் பிவிசிகேயின் டம்ப் தெரிவுக்குத்தான் போக வேண்டும். மெட்டாடேட்டா வட்டச் சுழற்சியில் எழுதப்படுவதால் முந்தைய பதிப்புகள் அங்கே மிஞ்சியிருக்கும். அதில் ஒன்றைக் கோப்பாக எடுத்து மெட்டாடேட்டாவை மீட்டெழுதும் விஜிசிஎஃப்ஜிரெஸ்டோருக்குக் கொடுக்கலாம்.