'நெவர் செட்டில்' ஒரு பக்கம், 'ஐந்து நிமிட சார்ஜ்' ஒரு பக்கம்: எந்தப் போன் வாசகம் தாக்குப்பிடிக்கிறது?

சிம் தட்டை வெளியே இழுத்து, அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார் சர்வீஸ் சென்டர் பையன். உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஒட்டு. "இது வெள்ளையா இருக்கணும் சார். உங்களுதுல சிவந்துடுச்சு பாருங்க. தண்ணி போயிருக்கு. வாரண்டி கிடையாது." அவர் தலைக்குப் பின்னால் சுவரில், அதே மாடல், ஆளுயரப் போஸ்டரில் தண்ணீருக்குள் முங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. நான் போஸ்டரைப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார். இருவருமே எதுவும் சொல்லவில்லை.

கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அன்றைக்குப் பிறகு போன் விளம்பர வாசகம் எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரே சோதனைதான்: வாங்கி ஏமாந்த ஒருவர் இதே வாசகத்தைக் கம்பெனியைப் பார்த்துத் திருப்பிச் சொன்னால் எப்படி இருக்கும்? கவர்ச்சி, சொல்நயம், விருது எல்லாவற்றையும் விளம்பர ஏஜென்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காசு கொடுத்தவர் வாயில் அந்த வாசகம் என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு வாசகங்கள்

முதலில் ஒன்பிளஸையும் ஓப்போவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்பிளஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட் லாவ், ஓப்போவில் துணைத் தலைவராக இருந்தவர். ஒன்பிளஸின் 'டாஷ் சார்ஜ்' கூட ஓப்போவின் 'வூக்' வேக சார்ஜ் தொழில்நுட்பத்திலிருந்து வந்ததுதான். அவ்வளவு நெருக்கமான உறவு. ஆனால் வாசகம் என்று வந்தால் ஒன்று கிழக்கே போகிறது, மற்றது மேற்கே.

ஒன்பிளஸ் சொன்னது 'நெவர் செட்டில்'. கிடைத்தது போதும் என்று இருந்துவிடாதே. 2013 டிசம்பரில் தொடங்கிய கம்பெனி, 2014-ல் முதல் போனை 299 டாலருக்கு விட்டபோது அந்த வாசகம் அச்சு அசலாகப் பொருந்தியது. 'ஃபிளாக்‌ஷிப் கில்லர்' (விலை உயர்ந்த முதல்தரப் போன்களை வீழ்த்துவது) என்ற பட்டத்தையும் தானே சூட்டிக்கொண்டது. நினைத்தவுடன் போய் வாங்கிவிடவும் முடியாது, அழைப்பு வேண்டும். அழைப்புக்காக ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். 'நான் சமரசம் செய்துகொள்ளாத ஆள்' என்று ஊருக்குச் சொல்ல ஒரு போன் போதும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்த மோகம் எங்கே போய் நின்றது என்பதற்கு 2014-ல் அவர்கள் நடத்திய 'ஸ்மாஷ் தி பாஸ்ட்' போட்டியே சாட்சி. பழைய போனை உடைத்து வீடியோ எடுத்தால், தேர்ந்தெடுக்கப்படும் 100 பேருக்கு ஒரு டாலருக்குப் புதுப் போன். விதிமுறையை ஒழுங்காகப் படிக்காமல், தேர்வு நடக்கும் முன்பே சிலர் நல்ல போன்களைப் போட்டு உடைத்து யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். நல்ல போனை உடைப்பானேன், யாருக்காவது கொடுக்கலாமே என்று எதிர்ப்பு கிளம்பியதும், உடைப்பதற்குப் பதிலாகத் தானம் செய்யலாம் என்று கம்பெனி இறங்கி வந்தது.

இவ்வளவு நெருக்கமாக மனதில் ஒட்டிய வாசகம்தான் பிறகு அதே கம்பெனியின் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. 2015-ல் வந்த ஒன்பிளஸ் 2-க்கு '2016-ன் ஃபிளாக்‌ஷிப் கில்லர்' என்று பெயர். உள்ளே என்எஃப்சி (போனைத் தொட்டுக் காசு கட்டும் வசதி) இல்லை, வேக சார்ஜும் இல்லை. 2018 அக்டோபரில் 6டி வந்தபோது ஹெட்போன் ஜாக்கைத் தூக்கிவிட்டார்கள். 2020-ல் 8 புரோவின் விலை அமெரிக்காவில் 899 டாலர். ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் வேறு வார்த்தை தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 'இப்போது செட்டில் ஆகிறது யார்?' என்று கேட்டால் போதும். திட்டுவதற்கான சொல்லையும் கம்பெனியே பெட்டிக்குள் வைத்துக் கொடுத்திருந்தது.

ஓப்போ பக்கம் வாருங்கள். சீனாவில் அவர்கள் சொன்னது: ஐந்து நிமிடம் சார்ஜ், இரண்டு மணி நேரம் பேச்சு. அவ்வளவுதான். தத்துவம் இல்லை, உன் குணம் என்ன என்ற ஆராய்ச்சி இல்லை. அங்கே இது பட்டிதொட்டியெல்லாம் பரவியது. 'ஐந்து நிமிடம் இது, இரண்டு மணி நேரம் அது' என்ற அச்சில் கண்டதையெல்லாம் வார்த்துக் கேலி செய்தார்கள். ஆனால் கவனியுங்கள், கேலி ஓப்போவின் மேல் விழவில்லை. ஐந்து நிமிடம் படித்துவிட்டு இரண்டு மணி நேரம் ஓய்வெடுக்கிறவன் மேல்தான் விழுந்தது. ஒவ்வொரு கேலிக்கும் அடியில் அசல் வாசகம் இன்னொரு தடவை இலவசமாக ஒலித்தது.

குறை சொல்ல வழியே இல்லையா? உண்டு. போனில் பேசுவதற்கு பேட்டரி அதிகம் செலவாகாது. அதனால்தான் 'இரண்டு மணி நேரம் வீடியோ கேம்' என்று எழுதாமல் 'பேச்சு' என்று எழுதினார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் சந்தேகம் இருக்கிறவர் கடிகாரத்தைப் பார்த்துச் சோதிக்கலாம். புகார் சொன்னாலும் அது சார்ஜோடு நின்றுவிடும். கம்பெனியின் மானத்தையே சந்திக்கு இழுக்காது.

என்னைக் கேட்டால் வாசகமாக மனதைத் தொடுவது ஒன்பிளஸ் சொன்னதுதான். ஆனால் கம்பெனி நடத்துவது நானாக இருந்தால் ஓப்போவினுடையதைத்தான் எடுப்பேன்.

அளவைச் சொல்லும் வாசகத்திலும் ஒரு வார்த்தை தவறினால் போச்சு. 2008-ல் ஆப்பிள் பிரிட்டனில் ஓட்டிய விளம்பரம், இணையத்தின் எல்லாப் பகுதிகளும் ஐபோனில் உண்டு என்றது. அன்றைய இணையதளங்கள் பல நம்பியிருந்த ஃபிளாஷும் ஜாவாவும் ஓடாதே, அப்புறம் எப்படி 'எல்லா' என்று புகார் கொடுத்தவர்கள் இரண்டே பேர். விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, விளம்பரத்தை அந்த வடிவில் மறுபடி போடக் கூடாது என்றது. 'எல்லா' என்பதற்குப் பதில் 'பெரும்பாலான' என்று இருந்திருந்தால் ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஒருவரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள், அது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டைப் பார்த்துச் சிரித்தால்

மூன்றாவது ரகம், எதிராளியைக் கலாய்ப்பது. 2011 கடைசியில் சாம்சங் எடுத்த விளம்பரத்தில், அடுத்த போனுக்காக வரிசையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் கேலக்ஸி எஸ் 2-ஐ வைத்துக்கொண்டு சாதாரணமாக நடந்து போவார். நீங்கள் காத்திருக்கும் அடுத்த பெரிய சங்கதி ஏற்கெனவே இங்கே வந்தாச்சு என்பது வாசகம். ஆப்பிள் பிடிக்காதவர்களுக்குக் கொண்டாட்டம். இதில் தப்பு இல்லை. வரிசை நிஜமாகவே இருந்தது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், எதிராளி எடுத்த முடிவைக் கலாய்த்துவிட்டு நாளைக்கு அதே முடிவை நாமும் எடுக்க வேண்டி வரும்போது. 2016 செப்டம்பரில் ஐபோன் 7-ல் ஹெட்போன் ஜாக் இல்லை என்று ஆப்பிள் அறிவித்தது. அடுத்த மாதமே கூகுள் பிக்சலை அறிமுகப்படுத்தும் வீடியோவில், எங்களிடம் ஜாக் உண்டு, அது புதுசு ஒன்றும் இல்லை என்று குத்தலாகச் சொன்னது. சரியாக ஓராண்டு. 2017 அக்டோபரில் பிக்சல் 2 வந்தது, ஜாக் இல்லாமல். சாம்சங் 2017-லும் ஐபோன்காரர்களைக் கிண்டலடித்து வீடியோ விட்டது. 2019 ஆகஸ்டில் நோட் 10-ல் ஜாக் போனதும் பழைய கிண்டல் வீடியோக்கள் சத்தமில்லாமல் காணாமல் போயின.

சார்ஜர் கதை இன்னும் வேகம். 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை. சாம்சங் தன் பேஸ்புக் பக்கம் ஒன்றில் சார்ஜர் படத்தைப் போட்டு, உங்கள் கேலக்ஸியோடு இது உண்டு என்றது. 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ் 21 வந்தது. பெட்டியில் சார்ஜர் இல்லை. பதிவும் இல்லை. அதே சமயம் ஷாவ்மியும், நாங்கள் பெட்டியிலிருந்து எதையும் எடுக்கவில்லை என்று சிரித்துவிட்டு, இரண்டே மாதத்தில் மி 11-ஐச் சார்ஜர் இல்லாமல் அறிவித்தது.

கம்பெனி அழித்தால் என்ன, ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் அழிப்பார்களா? வாங்குகிறவர்கள் இந்த விஷயத்தில் யானை மாதிரி. ஜாக் இல்லாததை மன்னித்தவர்கள்கூட அன்றைக்குச் சிரித்ததை மன்னிக்கவில்லை. ஒப்பீட்டில் கடைசி இடம் இதற்குத்தான்.

படம் பேசட்டும்

'ஷாட் ஆன் ஐபோன்' 2015-ல் வந்தது. யாரோ ஒருவர் எடுத்த படம், பெரிய பலகையில், கீழே எந்தப் போனில் எடுத்தது என்று மட்டும். யோசித்தால் இது எதையுமே பெருமையாகச் சொல்லவில்லை. 'இதில் எடுத்தது', அவ்வளவுதான். படம் நன்றாக இருந்தால் பெயர் போனுக்கு. மோசமாக இருந்தால் எடுத்தவர் கை நடுங்கியிருக்கும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இணையத்தில் கண்ட கண்ட கோமாளி வீடியோக்களுக்கும் இதே மூன்று வார்த்தையை ஒட்டிக் கேலி செய்தார்கள். வாசகத்துக்கு ஒரு கீறல் விழவில்லை. மற்ற கம்பெனிகள் படத்தின் மூலையிலேயே 'ஷாட் ஆன்' என்று தங்கள் பெயரைப் பொறிக்கும் வசதியைக் கொடுத்தன. பலர் அதை அணைக்காமலே விட்டுவிட்டு, சம்பளம் வாங்காத விளம்பரதாரர் ஆனார்கள்.

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2019 ஜனவரியில் ஆப்பிள் இதே பெயரில் போட்டி வைத்தபோது, வென்றவர்களுக்குக் காசு இல்லை, பெயர் மட்டும்தான் என்பதுபோல் இருந்தது. புகைப்படக்காரர்கள் சண்டைக்கு வந்த பிறகே படத்துக்கு உரிமத் தொகை தருவதாக அறிவிப்பு மாறியது. 2023 அக்டோபரில் ஒரு முழு அறிமுக விழாவையும் ஐபோனில் எடுத்ததாகச் சொன்னபோது, அந்தப் போன் தொங்கிய கிரேனையும் சுற்றியிருந்த விளக்குகளையும் பார்த்து, இதெல்லாம் இருந்தால் நானும் எடுப்பேன் என்றார்கள். அது நியாயமான கிண்டல். ஆனால் பொய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

எதிர்ப்பக்கம் நோக்கியா, 2012 செப்டம்பர். லூமியா 920-ல் வீடியோ ஆடாமல் அசையாமல் வரும் என்று காட்ட, சைக்கிள் ஓட்டும் ஒரு பெண்ணைப் படமெடுத்திருந்தார்கள். பார்வையாளர்கள் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தார்கள். அதில் ஒரு வேன், வேனில் பெரிய கேமராவோடு ஒரு ஆள். நோக்கியா மன்னிப்புக் கேட்டது. 2016-ல் ஹுவாவே பி9 போனைப் புகழ்ந்து போட்ட படத்தின் எக்ஸிஃப் தகவலை, அதாவது எந்தக் கேமராவில் எடுத்தது என்று கோப்புக்குள் பதிவாகும் குறிப்பை, திறந்து பார்த்தவர்கள், கேனான் 5டி மார்க் 3 என்ற பெரிய கேமராவின் பெயர் இருப்பதைக் கண்டார்கள். 2018-ல் நோவா 3-க்கு எகிப்தில் எடுத்த செல்ஃபி விளம்பரத்தில், செல்ஃபி எடுப்பதுபோல் கை நீட்டியவருக்கு எதிரே டிஎஸ்எல்ஆர் கேமராவோடு ஆள் உட்கார்ந்திருந்த படத்தை நடித்த நடிகையே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்.

இந்த விழிப்பு ஏன் வருகிறது என்பதற்கு 2011-ல் வந்த ஓர் ஆய்வில் விடை இருக்கிறது. ஜூலியானோ லாரனும் கூட்டாளிகளும் 'ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்' இதழில் எழுதியது. சிக்கனத்துக்குப் பேர்போன வால்மார்ட்டின் பெயரைக் காட்டினால் ஆட்கள் குறைவாகச் செலவழிக்க நினைக்கிறார்கள். 'காசை மிச்சம் பிடி' என்ற அதே கடையின் வாசகத்தைக் காட்டினால் அதிகமாகச் செலவழிக்க நினைக்கிறார்கள்! வாசகம் என்றாலே யாரோ நம்மை இழுக்கப் பார்க்கிறார் என்று மனம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. 'ஷாட் ஆன் ஐபோன்' தப்பித்ததன் சூட்சுமம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது வாசகம் மாதிரியே இல்லை. பொருளின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி இருக்கிறது.

அதே ஆப்பிள் அந்த அடக்கத்தை விட்டதும் மாட்டிக்கொண்டது. 2019 ஜனவரியில் லாஸ் வேகஸில், உங்கள் ஐபோனில் நடப்பது ஐபோனிலேயே இருக்கும் என்று கட்டட உயரத்துக்குப் பலகை. அதே மாதக் கடைசியில் ஐபோனின் வீடியோ அழைப்பு வசதியான ஃபேஸ்டைமில் ஒரு கோளாறு வெளியே வந்தது: எதிராளி அழைப்பை எடுக்கும் முன்பே அவர் பேசுவது இங்கே கேட்டது. ஜூலையில், ஐபோனின் குரல் உதவியாளரான சிரியின் பதிவுகள் சிலவற்றை ஒப்பந்த ஊழியர்கள் கேட்கிறார்கள் என்று செய்தி, ஆகஸ்டில் மன்னிப்பு. வாங்கியவர் கடிகாரத்தை வைத்தோ கண்ணை வைத்தோ சோதிக்க முடியாத வாக்கு இது, நம்பத்தான் வேண்டும். நம்பிக்கை கேட்கிற வாசகம் ஒருமுறை பொய்த்தால், அதே பலகையின் படத்தை வைத்தே செய்தி போடுகிறார்கள்.

தண்ணீர்

சரி, என் சிவந்த ஒட்டுக்கு வருகிறேன். தண்ணீருக்கு அசராத போன் என்று படத்தில் காட்டுவதும், ஐபி68 என்ற தரக்குறியீட்டை எழுதுவதும் ஒன்றல்ல. ஐபி68-ல் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே குறிப்பிடும். சோதனை ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில். நீச்சல் குளமும் கடலும் அந்தக் கணக்கில் வராது. ஆனால் விளம்பரத்தில் வருவது எப்போதும் குளமும் கடலும்தான்.

ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2019-ல் சாம்சங் மேல் வழக்குப் போட்டது இதற்காகத்தான். குளத்திலும் கடலிலும் நனைத்துவிட்டு, ஈரம் காயாமல் சார்ஜ் போட்டால் துளை அரித்துப்போக வாய்ப்புண்டு என்பதை விளம்பரம் சொல்லவில்லை. 2022-ல் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம். இத்தாலியில் 2020-ல் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ: ஆழத்தையும் நிமிடத்தையும் பெரிதாகச் சொல்லிவிட்டு, நீரால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று ஒதுங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

எனக்கு அபராதமும் கிடைக்கவில்லை, வாரண்டியும் கிடைக்கவில்லை. காசு கட்டிச் சரிசெய்த போனை வாங்கப் போனபோது போஸ்டர் அதே இடத்தில்தான் இருந்தது. கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி. முதல் தடவை கண்ணில் படவில்லை. படிக்கலாமென்று குனிந்தேன். பாதி வரியை பில் போடும் மேசை மறைத்திருந்தது.