பெங்களூரில் நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் கவனத்துக்கு: 16,800 ரூபாய் போச்சு, கண்ணும் போயிருக்கும்

கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுது என்றார் வீட்டுக்காரர். அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். ஷிட்ஸு, லாசா, பொமரேனியன், மால்டீஸ் என்று சின்ன ஜாதிக் குட்டி வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வீட்டுக்கே வந்து நாயைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டிவிட்டுப் போகிற ஒரு ஆப். வருஷ பேக்கேஜ் 16,800 ரூபாய். பெயர் சொல்லப்போவதில்லை, காரணம் கீழே இருக்கிறது. குட்டிக்கு ஆள் பார்க்கும்போது என்னென்ன விசாரிக்கவேண்டும் என்றும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அல்சூரில். எங்கள் குட்டியின் பெயர் பொரி. ஷிட்ஸு, பெண் குட்டி. தடுப்பூசி போடும் டாக்டர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: நாலு மாசம் முடிந்து கடைசி ஊசி போடும்வரை தெருவில் விடக்கூடாது, பத்து நாய் வந்துபோகிற பார்லர் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் இந்தச் சைஸ் குட்டி தாங்காது. சரி, ஆனால் ஷிட்ஸு முடி இருக்கிறதே, அது உதிராது, வளர்ந்துகொண்டே போகும். காதுக்குப் பின்னால், கக்கத்தில், கழுத்துப்பட்டைக்கு அடியில் சீவாமல் விட்டால் சிக்குப் பிடித்துக் கட்டியாகி, தோலை இழுத்து வலிக்கும். என் பெண் தினமும் சீப்போடு உட்காருவாள், பொரி சீப்பைக் கடித்துக்கொண்டிருக்கும். வெளியே கூட்டிப்போகவும் கூடாது, முடியையும் பார்த்தாகவேண்டும் என்றால் வீட்டுக்கு வருகிறவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? இவர்கள் ஆள் பிடிப்பது சரியாக இந்த இடத்தில்தான்.

முதல் விசிட் இலவசம். வந்த பையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் 16,800 ரூபாயை நான் அந்த ஆப்புக்குக் கட்டவில்லை, அந்தப் பையனைப் பார்த்துக் கட்டினேன். செருப்பை வாசலிலேயே கழற்றினான். என் மாமியார் உள்ளே இருந்து "யாருடி அது?" என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, தமிழா நீங்க? நான் ஜோலார்பேட்டை பக்கம்க்கா" என்றான். மாமியார் அப்போதே காபி போடப் போய்விட்டார். குட்டியைத் தூக்கப் போகவில்லை அவன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை மட்டும் நீட்டினான். "புது ஆளைப் பாத்தா பயப்படும்க்கா, மோந்து பாத்துட்டு அதுவா வரட்டும்." அதுவாகவே வந்தது. மடியில் படுக்கவைத்து, பாதத்தை வெளிச்சத்தில் பிடித்து, நகத்துக்குள் தெரிகிற இளஞ்சிவப்பை என் பெண்ணுக்குக் காட்டினான். "இது ரத்த நாளம் பாப்பா, இதுக்கு முன்னாடியே நிறுத்திடணும், நுனி நுனியாத்தான் வெட்டணும்." சொன்னபடியே வெட்டினான். குட்டி தூங்கியேவிட்டது.

அப்புறம் போனை எடுத்தான். தனித்தனியாகக் கூப்பிட்டால் ஒரு குளியலுக்கு 2,200, வருஷ பேக்கேஜ் என்றால் 12 விசிட்டுக்கு 16,800, அதோடு எப்போது வேண்டுமானாலும் ஆப்பிலேயே டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம். "ஆஃபர் இன்னிக்கு வரைக்கும்தான்க்கா. நானே வருவேன், பொரி என்னை மறக்காது" என்றான். ஆப்பிலேயே, ஜிஎஸ்டி பில்லோடு கட்டினேன்.

பணம் போன பிறகு அந்தப் பையனைக் கண்ணால் பார்க்கவில்லை. முதல் புக்கிங்குக்கு வந்தது வேறொருவர். தோளில் பை, காதில் ஹெட்போன், "சீக்கிரம் மேடம், இன்னும் மூணு வீடு இருக்கு". சீப்பையும் கத்தரிக்கோலையும் எடுத்து என் முன்னாலேயே கை சானிடைசரைப் பீய்ச்சித் துடைத்தார், ஏதோ ஆபரேஷன் தியேட்டர் போல. ஆல்கஹால் சானிடைசருக்குப் பார்வோ கிருமி சாகாது என்று இப்போது தெரிகிறது. பிளீச்சிங் கரைசல் மாதிரி ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் மாசக்கணக்கில் சாமானில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். அதாவது எதற்குப் பயந்து பார்லருக்குப் போகவில்லையோ அதே பார்லரை ஒரு பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கடவுள் புண்ணியம், அது வரவில்லை.

பாத்ரூமுக்குள் போனவர் கதவைச் சாத்திவிட்டார். நான் உள்ளே வரட்டுமா என்றதற்கு "ஓனர் நின்னா குட்டி அடங்காது, கம்பெனி ரூல்" என்றார். டிரையர் சத்தம் கேட்டது, நடுவில் ஒரு கத்தல். நான் கதவைத் தட்டினேன். "ஆச்சு, ஆச்சு" என்று பதில். துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்த அதே மூச்சில், "ஓடிபி சொல்லுங்க மேடம், அடுத்த புக்கிங் லேட் ஆவுது". ஆப்பில் வேலை முடிந்ததற்கு ஒரு நாலு இலக்க எண் வரும், அதைச் சொன்னால்தான் அவர்கள் கணக்கு முடியும். சொன்னேன். அந்த நாலு எண் பின்னால் எனக்கெதிராகவே சாட்சி சொல்லப்போகிறது என்று எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

லிஃப்ட் கீழே போவதற்குள் துண்டைப் பிரித்தேன். முன்னங்காலில் ஒரு நகம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, அதன்மேல் ஏதோ மஞ்சள் பவுடர் அப்பியிருந்தது. இடது கண் பாதி மூடியிருந்தது. கண்ணோர முடியை ஒட்ட வெட்டியிருந்தார். சாயங்காலத்துக்குள் பொரி சோபா ஓரத்தில் அந்தப் பக்கம் முகத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. லைட் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆப்பில் எழுதினேன். முதலில் மிஷின் பதில்: "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்." அப்புறம் போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். "டீமுக்கு அனுப்பியிருக்கிறோம், 48 மணி நேரம்." குட்டி கண்ணைத் திறக்கவில்லை, இவர்களுக்கு 48 மணி நேரம்! பேக்கேஜில்தான் டாக்டர் இருக்கிறாரே என்று அந்தப் பட்டனை அழுத்தினேன். சாட்டில் வந்த "டாக்டர்" குட்டியைப் பார்க்கவில்லை, வீடியோ காலும் இல்லை. அலர்ஜி என்றார், ஒரு சொட்டு மருந்தின் பெயரைத் தட்டிவிட்டார். மெடிக்கலில் வாங்கி வந்த நேரம், நர்ஸாக இருக்கும் என் அக்கா வீட்டில் இருந்தாள். அட்டையைப் படித்துவிட்டு, "இதுல டெக்ஸாமெத்தசோன் இருக்கு, ஸ்டீராய்டு. கண்ணுல கீறல் இருந்தா இதை ஊத்தவே கூடாது, தொடாதே" என்று பிடுங்கி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் ஆரஞ்சுச் சாயம் ஏற்றிய ஒரு காகிதப் பட்டையை நனைத்துக் கண்ணில் தொட்டு, சலைன் விட்டுக் கழுவி, விளக்கை அணைத்து நீல வெளிச்சம் அடித்தார். கருவிழியின் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு பளிச்சென்று எரிந்தது. கார்னியாவில், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தில், புண். ஷாம்பூவா, டிரையர் சூடா, கத்தரிக்கோல் நுனியா என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் அக்கா பிடுங்கி வைத்த சொட்டு மருந்தைப் பார்த்ததும் முகம் மாறியது. புண் ஆறவிடாமல் அது இன்னும் ஆழமாக்கும், ஓட்டை விழுந்து கண்ணே போகவும் வாய்ப்பு உண்டு என்றார். இப்போது ஆன்டிபயாடிக் சொட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் காலர். மேலோட்டமான புண் என்பதால் ஒரு வாரத்தில் ஆறவேண்டும், மறுபடி சாயம் போட்டுப் பார்க்கவேண்டும்.

அவரேதான் விளக்கினார்: ஷிட்ஸு, பக் மாதிரி தட்டை முகக் குட்டிகளுக்குக் கண்குழி ஆழம் குறைவு, கண் வெளியே தள்ளி நிற்கும், சிலதுக்குத் தூக்கத்தில்கூட இமை முழுசாக மூடாது. இதுகளுக்கு முகத்தில் ஷாம்பூவே போடக்கூடாதாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். டிரையர் சூட்டை முகத்துக்கு நேராகக் காட்டவே கூடாது, மூக்கு சப்பை என்பதால் உடம்புச் சூட்டை மூச்சில் தணிக்கவும் இதுகளால் சரியாக முடியாது. தடுப்பூசி முடியாத குட்டிக்கு மாசாமாசம் முழுக் குளியலே தேவையில்லை, தினமும் சீவினால் போதும் என்றும் சொன்னார். அப்போ 16,800 ரூபாய் எதற்கு?

அந்த ரிப்போர்ட்டை ஆப்புக்கு அனுப்பினேன். இப்போது ஒரு சூப்பர்வைசர் கூப்பிட்டார். முதலில் ஹிந்தி, அப்புறம் கன்னடம், நான் விடவில்லை என்றதும் ஆங்கிலம். சாராம்சம் இதுதான்: "குட்டி தானே கீறிட்டிருக்கும் மேடம்." "எங்க ஆள் ட்ரெயினிங் முடிச்சவர்." "நீங்க ஓடிபி குடுத்திருக்கீங்க, அப்போ சர்வீஸ் திருப்தின்னுதானே அர்த்தம்?" ரீஃபண்ட் என்றேன். பேக்கேஜ் பணம் திரும்ப வராது, நல்லெண்ணமாக வாலட்டில் 500 ரூபாய் போடுகிறோம் என்றார். கடைசியில் சொன்னது இன்னும் காதில் எரிகிறது: "மீதி 11 விசிட் இருக்கே மேடம், யூஸ் பண்ணிக்கோங்க!"

அந்தச் சாட் டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டேன். 1984-ல் வந்த இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு செய்த டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம். பதிவு எண் கொடுக்க அவர்களுக்கு "பிரைவசி பாலிசி" இடம் கொடுக்கவில்லையாம். போன் கட். அன்றிலிருந்து சாட்டைத் திறந்தால் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று பச்சை டிக் மட்டும் நிற்கிறது, கூடவே ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு பெட்டி.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்துவிட்டேன். தமிழிலும் பேசலாம். அங்கேயும் கம்பெனி அந்த வாலட் 500 கதையைத்தான் பதிலாகப் போட்டிருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கம்பெனி ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது முடியவில்லை, சொட்டு மருந்து விடும் நேரம். அவசரத்துக்கு இவ்வளவுதான். வருஷ பேக்கேஜ் கட்டாதீர்கள், ஒவ்வொரு தடவையும் காசு கொடுங்கள். காட்ட வந்த ஆளே வேலைக்கும் வருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். கதவைச் சாத்தவிடாதீர்கள். குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். சீப்பு, துண்டு உங்களுடையதாக இருக்கட்டும். கண் விஷயத்தில் சாட் டாக்டரை நம்பவே நம்பாதீர்கள்.

மனு போடும்வரை பெயரை எங்கேயும் எழுதாதே என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள். பெங்களூரில் இந்த மாதிரிக் கேஸ் போட்டுப் பணம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடினீர்களா, ஓடிபி கொடுத்ததை அங்கே எப்படிச் சமாளித்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். 16,800 ரூபாய், ஆஸ்பத்திரிச் செலவு தனி. விடப்போவதில்லை.